இரண்டு காலும் பெஞ்சின்மேல்

பிப்ரவரி 3

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் சௌக்கியமாக இருக்கிறோம். என் முட்டி மட்டும் தனிக்குடித்தனம் நடத்துகிறது. படியேறும்போது என்னோடு வருவதில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். அவள் கேட்கச் சொல்லாவிட்டாலும் கேட்டிருப்பேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். உன் அம்மா பேசி முடித்து என் கையில் போன் வரும்போது "சரி, வெச்சிடவா" என்று சொல்கிற இடம்தான் மிச்சம் இருக்கிறது. நீயும் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களோடு நாள் முழுக்கப் போனில் பேசுகிற உத்தியோகத்தில் இருக்கிறாய். அறைக்குத் திரும்பியும் போன் என்றால் காது என்ன ஆகும். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. பஸ் ஓட்டின காலத்தில் எனக்கு அந்தச் சுகம் இருந்தது. ஓட்டுநருடன் பேசக்கூடாது என்று தலைக்கு மேல் எழுதியே வைத்திருந்தார்கள். வீட்டில் எழுதிவைக்க இடமில்லை.

எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. நீ அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறாய், நான் எடுக்கவில்லை. என் வேலையைப் பற்றித்தான் சொல்கிறேன். அது அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது, நான் என்ன செய்ய.

சர்ச்சில் குழாய் ஆர்கனைப் பழுது பார்க்க ஒரு அம்மா வந்திருக்கிறார். நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு குழாய்களுக்கு நடுவே போய்விடுவார். ஊரில் எல்லாரும் டார்ச்சம்மா என்கிறார்கள். உள்ளே அவர் சுருதி சேர்க்கும்போது வெளியே யாராவது வாசிக்கிற கட்டையை ஒவ்வொன்றாக அமுக்கிப் பிடிக்க வேண்டுமாம். வேடிக்கை பார்க்கப் போன என்னைக் கேட்டார்.

"பாட்டு தெரியுமா?"

"ஹார்ன் தெரியும்."

"சுருதி?"

"நான் பாடினா என் சம்சாரம் ஜன்னலைச் சாத்துவா."

"நல்லது. நாளைக்கே வந்துடுங்க. காது இருக்கிறவங்க உக்காந்தா அபிப்பிராயம் சொல்லியே என்னைக் கொன்னுடுவாங்க."

வாழ்க்கையில் முதல்முறையாக, ஒன்றும் தெரியாததற்காக என்னை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

பிப்ரவரி 21

அன்புள்ள அப்பா,

நான் நன்றாக இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். எந்த வேளை என்று கேட்க வேண்டாம். முட்டிக்கு டாக்டர் கொடுத்த தைலத்தைத் தேய்க்கிறீர்களா, அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

இங்கே வேலை அதிகம். ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் அடிக்கடி நிற்கிறது. ஆறாவது மாடிக் கிழவர் ஒருவர் இப்போதெல்லாம் மாட்டிக்கொள்ளாமலே போன் செய்கிறார். "சும்மா, நீ இருக்கியான்னு பார்த்தேன்" என்கிறார்.

குளிருக்கு ஒரு போர்வை வாங்கினேன். வேறு விசேஷம் இல்லை.

அன்புடன், மகள்

மார்ச் 16

அன்புள்ள மகளுக்கு,

போர்வை வாங்கியது அறிந்து அம்மாவுக்கு நிம்மதி. என்ன நிறம் என்று கேட்கிறாள். தைலம் தேய்க்கிறேன். வாசனையில் முட்டி வலி எங்களை விட்டு ஓடவில்லை, பக்கத்து வீட்டுப் பூனைதான் ஓடிவிட்டது.

என் வேலை நன்றாகப் போகிறது. உள்ளேயிருந்து "அடுத்தது" என்பார், அடுத்த கட்டையை அமுக்குவேன். "விடுங்க" என்றால் விடுவேன். பெல் அடித்தால் கிளம்பு, பெல் அடித்தால் நில் என்று கண்டக்டரோடு ஓட்டின ஓட்டம்தான். இரண்டு பக்கமும் வரிசையாக இருக்கிற குமிழ்களை இழுத்தால் கியர் மாதிரி சத்தம் மாறுகிறது. காலுக்கும் கட்டைகள் இருப்பதைப் பார்த்து எனக்கு ஒரே குஷி. கிளட்ச் எது, பிரேக் எது என்று கேட்டேன். டார்ச்சம்மா பதில் சொல்லாமல் என் செருப்பைப் பார்த்தார்.

போன வாரம் அவர் ஒரு கேள்வி கேட்டார். "இவ்வளவு நல்ல கருவியை ஏன் மூணு வருஷமா மூடி வெச்சிருந்தீங்க?" சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். நான்தான் சொன்னேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரிய வேண்டுமல்லவா, அதனால் எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆண்டு விழா ஆராதனையில் என் மகள் வாசித்தாள். பாட்டு முடிந்தது. போதகர் எல்லாரும் மௌனமாக ஜெபிப்போம் என்றார். அந்த மௌனத்தில் ஒரு சத்தம் மட்டும் நிற்கவில்லை. அடிச் சுருதி, லாரி மேடு ஏறுகிற உறுமல். சபை முழுக்கத் தலையைத் திருப்பி ஆர்கன் இருக்கிற மேல்மாடத்தைப் பார்த்தது. கடைசியில் அவள் குழாய்களுக்குக் காற்று ஊதுகிற மோட்டாரை அணைத்தாள். சத்தம் நெளிந்து நெளிந்து இறங்கிச் செத்தது. சிலர் சிரித்தார்கள். மறுநாள் சபைச் செயலாளர் மோட்டாரைப் போட்டுப் பார்த்தார். ஒரு முனகல்கூட இல்லை. "மிஷின்ல கோளாறு இல்ல. பொண்ணு பயத்துல கால்கட்டைய மிதிச்சிட்டே உக்காந்திருக்கு" என்றார். அதற்குப் பிறகு அவள் வாசிக்கவில்லை. சபையும் ஒரு கீபோர்டை வாங்கிக்கொண்டது.

டார்ச்சம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "உம்" என்றார். அவ்வளவுதான். நானும் அவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அப்பா

(அம்மா எழுதுவது: போர்வை இருட்டு நிறமாக வாங்கியிருந்தால் தனியாகத் துவை, சாயம் போகும்.)

ஏப்ரல் 8

அன்புள்ள அப்பா, அம்மா,

சுகம். போர்வை சாம்பல் நிறம். தனியாகத்தான் துவைத்தேன்.

இந்த மாதம் லீவு கிடைக்காது. ஆறாவது மாடிக் கிழவருக்கு ஜலதோஷம்.

அப்பா, கால்கட்டைகளைத் தடித்த செருப்போடு மிதிக்காதீர்கள். பக்கத்துக் கட்டையும் சேர்ந்து அமுங்கும். நமக்குத் தெரியவே தெரியாது.

மகள்

மே 11

அன்புள்ள மகளுக்கு,

எல்லாரும் சுகம். நீ எழுதினபடி அன்றிலிருந்து செருப்பைக் கீழே விட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன். என் காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்க்கிறது. உன் அம்மா தைத்துக் கொடுத்தாள், விரலுக்கு வேறு வழி கிடைத்துவிட்டது.

இப்போது நான் சொல்லப்போவதை நிதானமாகப் படி. என்னால் நிதானமாக எழுத முடியவில்லை, நீயாவது இரு.

நேற்று கால்கட்டைகளுக்குச் சுருதி சேர்த்தோம். ஆளுயரத்துக்கு மேல் நிற்கிற மரக்குழாய்கள் பேசுகிற வரிசை. "அடுத்தது." அமுக்கினேன். "விடுங்க." விட்டேன். உறுமல் நிற்கவில்லை.

"ஐயா, காலை எடுங்க."

"எடுத்துட்டேம்மா."

"எடுங்கன்னா எடுக்கணும்."

"எடுத்துட்டேங்கிறேன்."

"அப்ப யாரு கால் அது?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு காலையும் தூக்கிப் பெஞ்சின்மேல் வைத்து, பேருந்து நிலையத்தில் இடம் கிடைத்தவன் மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அது பாட்டுக்கு உறுமிக்கொண்டே இருக்கிறது. அதே உறுமல். எனக்குக் காது கிடையாது என்று உலகத்துக்கே தெரியும். ஆனால் அந்த ஒரு சத்தம் மட்டும் எனக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் மேலே வந்தார். அவர் வருவது எப்போதுமே டிக்கெட் பரிசோதகர் பஸ்ஸில் ஏறுகிற மாதிரிதான். படியில் ஒரு கால், மாடத்தில் ஒரு கால் என்று அப்படியே நின்றார். பெஞ்சின்மேல் இருந்த என் காலைப் பார்த்தார். ஓட்டைக் காலுறையை நன்றாகப் பார்த்தார். கீழே காலியாகக் கிடந்த கட்டைகளைப் பார்த்தார். உறுமல் அவரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

டார்ச்சம்மா குழாயை இறக்கி, அடியில் இருக்கிற காற்றுப்பெட்டியைத் திறந்தார். காற்றை அடைக்கிற வால்வின் தோலில் நகக்குறி மாதிரி ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஒரு சின்னத் துண்டு. அது ஒதுங்கியிருந்தால் வால்வு மூடுமாம். நடுவில் சிக்கினால் மூடாதாம், எப்போது சிக்கும் என்று அதற்கே தெரியாதாம். இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். பிஸ்தா பச்சை.

உனக்கு ஞாபகம் இருக்கும், அந்த ஆண்டு விழாவுக்காகத்தான் சர்ச்சுக்குப் பெயின்ட் அடித்தார்கள். யாரும் கேட்காத அந்தப் பச்சையைத் தேர்ந்தெடுத்தது செயலாளர். ஆர்கன்மேல் ஒரு துணிகூடப் போடாமல் மேலே நின்று அடித்திருக்கிறார்கள். சொட்டுக் காய்ந்து, உதிர்ந்து, குழாயின் வாய்க்குள் விழுந்திருக்கிறது.

டார்ச்சம்மா அதைச் செயலாளரின் உள்ளங்கையில் வைத்தார். "உங்க சுவத்தோடதுதானே, பாருங்க." அவர் சுவரைப் பார்த்தார், கையைப் பார்த்தார். பிறகு என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அதை மடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். தும்மிவிடாதே, பறந்துவிடும்.

உன் கால் இல்லை. மிதிக்கவே இல்லை நீ.

அப்பா

ஜூன் 29

அன்புள்ள மகளுக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். பதில் வரவில்லை. கேட்பதாக நினைக்காதே. தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டும்போது என்னைப் பார்க்காமல் போகப் பழகிவிட்டார், அதைச் சொன்னேன்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செயலாளர் வீட்டுக்கு வந்தார். டீ குடித்தார். வெயில் ஜாஸ்தி என்றார். நாங்களும் ஆமாம் என்றோம். முட்டி எப்படி இருக்கிறது என்றார். இருக்கிறது என்றேன். நான் உதவி செய்வதாக இல்லை. கடைசியில் அவரே விஷயத்துக்கு வந்தார்.

"செப்டம்பர்ல ஆண்டு விழா. ஆர்கன் ரெடியாகிடும். கீபோர்டு தம்பிக்குக் காலால வாசிக்க வராதாம். உங்க பொண்ணுக்குச் சபைக் குழு சார்பா ஒரு கடிதம் போடலாமான்னு..."

உன் அம்மா டம்ளரை எடுக்க வந்தவள் நின்றாள். "அன்னைக்குக் குழு பேசலையே. நீங்கதானே பேசினீங்க. நீங்களே எழுதுங்க."

நான் கூரையைப் பார்த்தேன். அந்த வேலை எனக்கும் வரும். அவர் உன் விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். என்ன எழுதினார் என்று எங்களுக்குத் தெரியாது. நீ இதற்கு என்ன செய்தாலும் எங்களுக்குச் சம்மதம். ஒன்றும் செய்யாவிட்டாலும் சம்மதம்.

போர்வை இந்த வெயிலில் தேவைப்படாது, மடித்து வை என்கிறாள் அம்மா.

அப்பா

ஜூலை 17

அன்புள்ள அப்பா, அம்மா,

மன்னியுங்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன்.

போன வாரம் ஒரு பெண் லிஃப்டிலிருந்து போன் செய்தார். ஒரே அழுகை. "நான்தாங்க ஏதோ தப்பா அமுக்கிட்டேன், என்னாலதான் நின்னுடுச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எல்லாரிடமும் சொல்கிறதைத்தான் அவரிடமும் சொன்னேன். "நீங்க எதையும் தப்பா அமுக்கலம்மா. மிஷின் நின்னுடுச்சு. அவ்வளவுதான்." தினமும் சொல்கிற வரி. அன்று சொல்லி முடித்த பிறகு, அவரை வெளியே எடுத்த பிறகும், நான் போனைக் கீழே வைக்கவில்லை. பக்கத்து மேஜைக்காரி வந்து வாங்கி வைத்தாள்.

பச்சைத் துண்டு பத்திரமாக இருக்கிறது. செயலாளர் கடிதமும் வந்தது.

அம்மா, என்னுடைய அந்தக் கறுப்பு ஷூ, மெல்லிய அடி வைத்தது, இன்னும் இருக்கிறதா? எலி கடித்திருக்கும்.

மகள்

ஜூலை 25

அன்புள்ள மகளுக்கு,

எலி கடிக்கவில்லை. அம்மா இந்த மூன்று வருஷமும் மாதாமாதம் அதை வெயிலில் வைத்து எடுத்திருக்கிறாள். எனக்கே இப்போதுதான் தெரியும். நான் சும்மா ஒரு கை பாலிஷ் போட்டேன். பஸ் கண்ணாடி துடைத்த கை, கொஞ்சம் அதிகமாகவே பளபளக்கிறது.

எதற்குக் கேட்டாய் என்று நாங்கள் கேட்கவில்லை. வீட்டில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வதும் இல்லை.

அப்பா

செப்டம்பர் 6

அன்புள்ள மகளுக்கு,

உன் தந்தி மாதிரிக் கடிதம் கிடைத்தது. "ஆண்டு விழாவுக்குச் சனிக்கிழமை வருகிறேன், ஞாயிறு மாலை திரும்ப வேண்டும்." போதும். அம்மா வீட்டை நேற்றே கழுவிவிட்டாள். இன்றும் கழுவுகிறாள்.

பயப்படாமல் கேள். மோட்டார் புகைவிட்டுப் படுத்துவிட்டது. புது மோட்டார் ஆண்டு விழாவுக்குள் வராதாம். செயலாளர் முகம் அவர் தேர்ந்தெடுத்த பெயின்ட் நிறத்துக்குப் போய்விட்டது. டார்ச்சம்மா மட்டும் சாவகாசமாக டீ குடித்தார்.

ஆர்கனுக்குப் பின்னால் சந்து மாதிரி ஒரு இடம் இருக்கிறதே, அங்கே ஒரு நீளமான மரக் கைப்பிடி உண்டு. மோட்டார் வருவதற்கு முன்னால் அதை அமுக்கி அமுக்கித்தான் துருத்தியில் காற்று ஏற்றுவார்களாம். டார்ச்சம்மா அதையும் சரி செய்து வைத்திருந்தார். "இந்தக் கட்டைக்கு எதுக்கு எண்ணெய்?" என்று அன்று கேட்டது யார் என்று நான் எழுத மாட்டேன்.

பக்கத்துச் சுவரில் ஒரு நூல். நூலின் நுனியில் ஈயக்கட்டி. துருத்தி நிறைந்தால் கட்டி கீழே இறங்கும், காற்று தீரத் தீர மேலே ஏறும். சுவரில் கீறியிருக்கிற மேல் கோட்டைத் தொட்டால் பாட்டு அம்போ. எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. இது நம் பஸ்ஸில் பிரேக்குக்கு ஏர் எவ்வளவு என்று காட்டுகிற முள்தான். ஏர் ஏறாமல் நான் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை, வண்டி ஓடும்போது தீர விட்டதும் இல்லை.

ஆக, காற்றுக்கு நான் பொறுப்பு. முட்டிக்கு அங்கே வேலை இல்லை, கைக்குத்தான். இன்னொரு ஆள் வேண்டும் என்றேன். யார் யாரோ கை தூக்கினார்கள். செயலாளர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். "பெயின்ட் என்னோடது. கையும் என்னோடதாவே இருக்கட்டும்" என்றார்.

தினமும் பழகுகிறோம். அவருக்கு மூச்சு வாங்குகிறது, எனக்குச் சிரிப்பு வருகிறது. இரண்டும் ஒரே தாளத்தில் போகிறது.

அப்பா

செப்டம்பர் 23

அன்புள்ள மகளுக்கு,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது அம்மாவின் போனில் தெரிந்தது. ஞாயிறு அன்று உன்னோடு நாலு வார்த்தை பேசக்கூட முடியவில்லை. நான் சந்திலிருந்து வெளியே வருவதற்குள் சபை உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அப்புறம் உன் பஸ் வந்துவிட்டது. டிரைவர் ஒரு நிமிஷம்கூட நிறுத்தவில்லை. நான் சொல்லிக்கொடுத்த பையன், அவனைக் குறை சொல்லவும் முடியாது.

நீ வாசித்ததை எல்லாரும் பார்த்தார்கள். அம்மா முதல் வரிசையில் கழுத்து சுளுக்கும் அளவுக்குத் திரும்பிப் பார்த்திருக்கிறாள். நான் ஒருவன்தான் பார்க்கவில்லை. என் முன்னால் ஒரு சுவர், ஒரு நூல், ஒரு ஈயக்கட்டி. ஆனால் நான் பார்த்ததை அவர்கள் யாரும் பார்க்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதல் பாட்டில் கட்டி மெதுவாக ஏறியது. நீ பயந்து பயந்து செலவு செய்தாய். இரண்டாவதில் கொஞ்சம் தாராளம். செயலாளர் "நல்லா வாசிக்குது" என்று கிசுகிசுத்தார். "பேசாம அமுக்குங்க" என்றேன்.

பிறகு போதகர் மௌனமாக ஜெபிப்போம் என்றார்.

நாங்கள் கைப்பிடியை விட்டோம். துருத்தி நிறைந்திருந்தது. சந்தில் செயலாளரின் மூச்சு மட்டும். அதையும் அவர் பிடித்துக்கொண்டார். நான் காதை நம்பவில்லை, கட்டியைப் பார்த்தேன். உறுமல் வந்தால் அது ஓடும். எங்கோ ஒரு வால்வு பிடித்துக்கொண்டால்கூடக் காட்டிக்கொடுத்துவிடும். மகளே, கட்டி அசையவில்லை. சுவரில் ஆணி அடித்த மாதிரி நின்றது. ஒரு சபை மௌனமாக இருப்பதை நான் கண்ணால் பார்த்தேன். போதகர் ஆமென் சொன்னபோது செயலாளர் கண்ணைத் துடைத்தார். வியர்வை என்றார். இருக்கட்டும்.

அதற்குப் பிறகு கடைசிப் பாட்டு. எல்லாக் குமிழையும் இழுத்துவிட்டாய் போலிருக்கிறது. கட்டி பாய்ந்தது. மேடேறுகிற வண்டி மாதிரி நாங்கள் இரண்டு பேரும் தொங்கினோம். நான் அமுக்க அவர் தூக்க, அவர் அமுக்க நான் தூக்க, சுவர் அதிருகிறது, தரை அதிருகிறது, என் பல்கூட உன் பாட்டைப் பாடியது. கடைசி அடியில் நீ பிடித்த பிடியில் கட்டி மேல் கோட்டுக்கு ஒரு விரல் கீழே வரை வந்தது. அங்கேயே பிடித்து நிறுத்தினோம். நீ விட்ட பிறகுதான் நாங்கள் விட்டோம்.

பாட்டு என்ன பாட்டு என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எவ்வளவு காற்று என்று கேள், சொல்கிறேன்.

செயலாளருக்கு இரண்டு தோளும் பிடித்துக்கொண்டது. என் தைலத்தைக் கொடுத்தனுப்பினேன். அவர் வீட்டுப் பூனை எப்படி இருக்கிறதோ.

அப்பா

செப்டம்பர் 30

அன்புள்ள அப்பா,

சுகம். அம்மா கொடுத்தனுப்பியதெல்லாம் தீர்ந்துவிட்டது. ஆறாவது மாடிக் கிழவரிடம் ஆண்டு விழாக் கதை முழுவதையும் சொன்னேன். அவர் போனை வைக்கவே இல்லை. இப்போது அவர்தான் என்னைக் கேட்கிறார், "அப்புறம் எப்ப வாசிக்கப் போறே?"

நீங்கள் கட்டியைப் பார்த்ததைச் சொன்னீர்கள். நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். யாரிடமும் சொல்லவில்லை.

மௌன ஜெபம் என்று போதகர் சொன்னதும் கையை மடியில் வைத்தேன். காலை என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்புறம் இரண்டு காலையும் தூக்கிப் பெஞ்சின்மேல் வைத்துச் சம்மணம் போட்டுக்கொண்டேன், உங்களை மாதிரியே. பளபளக்கிற ஷூவோடு. கீழே எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். டார்ச்சம்மா மட்டும் திறந்து வைத்திருந்தார். என்னைப் பார்த்து நெற்றி டார்ச்சை ஒரு தடவை அணைத்து எரியவிட்டார்.

கடைசிப் பாட்டில் காற்று தீர்ந்துவிடுமோ என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரியும்.

அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கு லீவு சொல்லிவிட்டேன். அதற்கடுத்த மாதத்துக்கும். ஷூவை இங்கே எடுத்து வரவில்லை. மாடத்திலேயே, பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். அதை இனி வெயிலில் வைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இனி அதற்கு நேரம் இருக்காது.

உங்கள் மகள்